சுவருக்குள் போன கயிறு

ஒரே கூரை. இரண்டு வாசல், இரண்டு போர்டு, இரண்டு முதலாளி. ஆனால் பூட்டுக்குச் சாவி மட்டும் ஒன்றுதான். அது என்ன?

தெரியவில்லையா? சங்கரன்கோவில் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த நல்லக்கண்ணுவின் பீடிக் கொட்டகைதான் அது.

பாக்டரி இன்ஸ்பெக்டர் ஆறுமுகச்சாமிக்கு இந்த விடுகதை அலுத்துப் போயிருந்தது. இருபது பேர் சேர்ந்து வேலை செய்தாலே அது பாக்டரி. பாக்டரி என்றால் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தாலும் வந்தது, அவர் போகிற ஊரிலெல்லாம் கொட்டகைக்கு நடுவே ஒரு சுவர் முளைத்திருந்தது. காலையில்தான் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சுவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அந்தப் பக்கம் யாருடையது?"

"மச்சினன் கடைங்கய்யா. பீடி சுத்துதது நம்ம கடை, கட்டுக் கட்டுதது அவன் கடை" என்றார் நல்லக்கண்ணு.

"மச்சினனைக் கூப்பிடும்."

"ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கான்."

"போன தடவையும் கல்யாணம்னுதான சொன்னீரு?"

"அவனுக்குச் சொந்தபந்தம் ஜாஸ்தி."

மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிராமலே சிரித்தார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வெளியே வந்து அடுத்த வாசலில் நுழைந்தார்.

அங்கே பெண்கள் வெயிலில் காய்ந்த பீடியை அள்ளி வருவதும் கட்டுவதும் அடுக்குவதுமாக, ஓரிடத்தில் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. பக்கத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சிலேட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். தொட்டிலை அவள் தொடவில்லை. அது தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"உன் பேரென்னம்மா?"

"சுப்புத்தாய். ரெண்டாப்பு. மத்தியானச் சோத்துக்கு வந்தேன்."

"தினமும் பள்ளிக்கூடம் போறியா?"

"இப்பதான் போறேன். முன்ன தம்பிய ஆட்டிக்கிட்டு இங்கனதான் கெடப்பேன். அம்மா கயித்தைப் போட்டப்புறம் போறேன்."

"எந்தக் கயிறு?"

சிறுமி காட்டினாள். தொட்டிலிலிருந்து ஒரு கயிறு நேரே போய்ச் சுவரில் இருந்த துளைக்குள் நுழைந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து துளை வழியே பார்த்தார். அந்தப் பக்கம் கயிற்றின் முனை ஓர் இளம்பெண்ணின் கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. கை பீடி சுற்ற, கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"பிள்ளைய ஏம்மா இங்கன போட்டிருக்கே?" என்று துளை வழியாகவே கேட்டார்.

கால் நின்றது. "இந்தப் பக்கம் புகையிலைத் தூசிய்யா. பிள்ளைக்கு இருமுது" என்றது சிறுமியின் அம்மா இசக்கித்தாயின் குரல்.

போதும். இரண்டும் ஒரே கொட்டகை என்பதற்கு இந்தக் கயிறே சாட்சி. இனி மச்சினன் கல்யாணத்திலிருந்து திரும்பி வர வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"லீவு குடுக்க மனசில்லாம சுவர் வச்சீரே, வெக்கமா இல்லையாவே?" என்று பின்னாலேயே வந்து நின்ற நல்லக்கண்ணுவைக் கேட்டார்.

கட்டுக் கட்டிக்கொண்டிருந்த மைமூனம்மாள்தான் பதில் சொன்னாள்.

"அவரை ஏசாதீங்கய்யா. சுவர் வச்சது நாங்க."

"நீங்களா?"

"சட்டம் வந்ததும் இருபதுக்குக் கீழ கொண்டாரணும்னு மொதலாளி பாதிப் பேர நிப்பாட்டுதேன்னாவ. யாரை நிப்பாட்டுதது, இவளையா அவளையா? குறுக்க ஒரு சுவர வைங்க மொதலாளின்னு நாங்கதான் காலைப் புடிச்சோம். கொத்தனாருக்குக் கூலி தர மாட்டேன்னாவ. மண்ணு மிதிச்சதும் நாங்க, வச்சதும் நாங்க."

"அதான் கோணலா நிக்கி" என்றாள் இன்னொருத்தி.

"இப்ப நீங்க ஒரே கொட்டகைன்னு எழுதினா பாதிப் பேர் வீட்டுக்குப் போவணும். மொதல்ல போறது கைப்பிள்ளைக்காரிதான்யா. அவ புருசனும் இல்லாதவ."

இன்ஸ்பெக்டர் கோணல் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"சரி, ரெண்டு கடைன்னே எழுதுதேன். ஆனா அடுத்த வாரம் எனக்கு மேல ஒரு ஆபீசர் வாராரு. அவர் கண்ணுல இந்தக் கயிறு படக்கூடாது. இப்பவே உருவிட்டுத் துளைய அடைச்சிருங்க."

"மகராசனா இருங்கய்யா" என்றாள் மைமூனம்மாள். நல்லக்கண்ணு சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக இன்ஸ்பெக்டருக்கு மனசு லேசாக இருந்தது. யாருடைய பிழைப்பிலும் அவர் மண்ணைப் போடவில்லை.

அந்தப் பக்கம் இசக்கித்தாய் விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். இந்தப் பக்கம் மைமூனம்மாள் அதை உருவிப்போட்டுவிட்டு, ஈரமண்ணைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

தொட்டில் நின்றது. பிள்ளை சிணுங்கி, பிறகு அழ ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்து மணி அடிப்பது கேட்டது.

"ஏட்டி சுப்பு, மணி அடிச்சாச்சு, நீ போ" என்றது துளை வழியே இசக்கித்தாயின் குரல். "அவன் அழுதா அழட்டும்."

மைமூனம்மாள் கையிலிருந்த மண்ணைத் துளையில் அப்பினாள். குரல் நின்றது.

இன்ஸ்பெக்டர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சுப்புத்தாய் சிலேட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, தொட்டில் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.