வாழையடி மண்

“அவன்ரை மில்லடியைத் தோண்டுங்கோ ஐயா! என்ரை காணியிலை என்ன கிடக்கு?” என்று சிவக்கொழுந்து கத்தினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்புத்துரையின் மாவரைக்கும் மில் மண்ணெண்ணெய் எஞ்சினில் படபடத்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வேலணையில் நல்ல தண்ணீர் ஊறுகிற காணிக்குத்தான் மதிப்பு. மகளுக்குச் சீதனமாகப் பேசியதும் இந்தக் காணியைத்தான். இப்போது கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது. மண்ணைச் சோதிக்காமல் பேச்சில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள்.

நேற்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சீயாக்காய் போட்டுத் தேய்த்தும் கையில் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை.

மண்ணைச் சோதிக்கத் தண்ணீர்க் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி வல்லிபுரம், மண் துளைக்கும் இரும்பை வேலியோரம் இறக்கினார். ஒரு முழத்தில் கல். வந்த மண்ணை முகர்ந்துவிட்டு எறிந்தார். சுத்தமான மண். இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தார். அங்கும் அப்படித்தான்.

“இந்தக் கல்லுத் தரையிலை ஆழமாய்த் தோண்டக்கூடிய இடம் எங்கை இருக்கு?”

கிணறு வெட்டிய மண்ணைக் கொட்டி வாழை வைத்த பாத்தி ஒன்றுதான். அவள் அதைக் காட்டினாள். புருசன் தம்பிஐயா அந்த நேரம் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இரும்பு வழுக்கிக்கொண்டு இறங்கித் தகரத்தில் இடித்தது. மண்ணெண்ணெய் குப்பென்று அடித்தது.

“போன வருசத் தட்டுப்பாட்டிலை ஒரு பரல் மண்ணெண்ணெய் வாங்கிப் புதைச்சனான்,” என்றார் தம்பிஐயா. “கலியாணத்துக்கு வெளிச்சம் வேணுமெண்டு.”

பாவி மனுசன். அவள் வேலியில் நின்று ஊர்கேட்கத் திட்டிய நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு சோறு தின்றிருக்கிறார். வாழைத் தண்டைப் பிடுங்கி அந்த முதுகில் போட வேண்டும்போல் இருந்தது.

“இந்தக் கிணறு கனகாலத்துக்கு உதவாது, அக்கா,” என்றார் வல்லிபுரம். “ஆனால் நிலத்துக்குக் கீழை நீரோட்டம் கடல் பக்கம். அப்புத்துரையின்ரை கிணறு மேலை இருக்கிறதாலை தப்பியிட்டுது. அதிலை உங்களுக்கும் பங்கு இருக்கெல்லே? மாப்பிள்ளை வீட்டுக்கு அதைச் சொல்லலாம்.”

ஓம், பங்கு இருந்தது. மாமனார் காலத்துப் பங்கு. சொந்தக் கிணறு வெட்டியபிறகு அதை யாரும் நினைத்ததில்லை.

தம்பிஐயாவின் முகம் தெளிந்தது. அவள் முகம் வெளிறியது.

அந்தப் பக்கம் எஞ்சின் நின்றது. அப்புத்துரை முகம் கழுவக் கிணற்றில் வாளியை இறக்கும் சத்தம் கேட்டது.

“அள்ளாதை!” என்று சிவக்கொழுந்து வேலிக்கு ஓடினாள்.

அன்று விடியப்புறம் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை அந்தக் கிணற்றுக்குள் கவிழ்த்துவிட்டு வந்தது அவள்தான்.