ரகசியம் காக்கப்படும்

“எனக்கு இல்லன்னு மட்டும் தெரியட்டும் சார். அப்புறம் அவள இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும்.”

வியாகுலம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மேஜைமேல் கையை நீட்டினான். கிளைச் சிறையில் அன்று எச்.ஐ.வி. பரிசோதனை முகாம். மற்ற கைதிகளெல்லாம் எனக்கெதுக்கு, உனக்கெதுக்கு என்று நழுவிக்கொண்டிருக்க, முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் இவன்தான்.

காரணம் சிறை முழுக்கத் தெரியும். மினி லாரி டிரைவரான வியாகுலம், ரேஷன் அரிசி கடத்திய வழக்கில் சிக்கி உள்ளே வந்து நாலு மாதமாகிறது. ஆறு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி ஜெனிபருக்கு எச்.ஐ.வி. இருப்பது பத்து நாளைக்கு முன்னால்தான் தெரிந்தது. அவளும் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாமியாரிடமே சொல்லி அழுதுவிட்டாள்.

அந்த மாமியார் அமலோற்பவம், போன வாரம் மனு போட்டு மகனைப் பார்க்க வந்தபோது கம்பி வலைக்கு அப்பால் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஒனக்கும் இருந்தா, நீ குடுத்ததுன்னு வச்சிக்கினு வூட்லயே போட்டுக் கஞ்சி ஊத்துறேன். ஒனக்கு இல்லன்னா, இவ எங்க போயி வாங்கினாளோ? மலைக்கு பஸ் ஏத்தி உட்டுடுவேன், பாத்துக்க!”

ஜெனிபரின் தாய்வீடு கல்வராயன் மலையில் இருக்கிறது. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்புறமும் ஒரு மணி நேரம் நடக்கவேண்டிய ஊர்.

லாரி ஓட்டுகிற ஆம்பிளை அப்படி இப்படித்தான் இருப்பான் என்பது அமலோற்பவத்தின் சட்டம். மருமகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கேட்டால் வயிறு எரிகிறது, ஆனால் வலையோரம் நின்ற அத்தனை பேரும் அன்றைக்கு அவள் சொன்னதற்குத்தான் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலமே வியாகுலத்தின் பாய் கக்கூஸ் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அவன் தட்டைத் தொட ஆளில்லை. அதுவரை ஒரே பீடியை அவனோடு பங்குபோட்டுக் குடித்த அம்மாசிதான் பாயை இழுத்துப் போட்டவன்.

“தப்பா நெனச்சிக்காத வியாகுலம். டெஸ்ட்டு பண்ணி இல்லன்னு சொல்லட்டும், பழைய எடத்துலயே வந்து படு.”

ரத்தம் எடுத்து அரை மணி நேரத்தில், முகாமுக்கு வந்திருந்த ஆலோசகர் அறிவுச்செல்வன் அவனைத் தனியறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உங்களுக்கு இல்ல. நாலு மாசமா உள்ளயே இருக்கீங்க, அதுக்கு முன்னால வந்திருந்தா இந்நேரம் டெஸ்ட்டுல தெரிஞ்சிருக்கும், அதனால சந்தேகமே வேணாம்.”

வியாகுலம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

“அப்ப அவளுக்கு மட்டும் எப்படி சார்?”

“அவங்களுக்கு இருந்தா உங்களுக்கும் வந்தே ஆகணும்னு இல்ல. ஒரே ஊசிய நாலு பேருக்குப் போட்டிருந்தாக்கூட அவங்களுக்கு வந்திருக்கலாம். அத நோண்டிக்கினு இருக்காதீங்க. மாத்திரைய ஒரு நாள் விடாம சாப்பிட்டா, பொறக்கப்போற கொழந்தைக்கு வராம காப்பாத்திடலாம்.”

“அவ மலைக்குப் போயிட்டா?”

அறிவுச்செல்வன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாசாமாசம் மாத்திரைக்கு எறங்கி வரணுமேங்க. வயித்தத் தூக்கிக்கினு அவ்ளோ தூரம் வருவாங்களா? நடுவுல நின்னுபோச்சின்னா கொழந்தைக்குத்தான் ஆபத்து. கோவத்துல எதையாவது பண்ணி வச்சிடாதீங்க.”

வியாகுலம் எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பினான்.

“இத எங்கம்மாவுக்குச் சொல்லுவீங்களா சார்?”

“உங்களத் தவிர யாருக்கும் சொல்லமாட்டோம். அது சட்டம்.”

“யாருக்குமே சொல்லாதீங்க சார்.”

பன்னிரண்டு மணிக்கு மனு பார்க்கிற நேரம். வலைக்கு இந்தப் பக்கம் அம்மாசியோடு சேர்த்துப் பத்துப் பேர், அந்தப் பக்கம் அவரவர் சொந்தபந்தம். எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு அமலோற்பவம் முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால், வயிற்றோடு ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு ஜெனிபர். ஒன்றரை மணி வெள்ளிமலை பஸ்ஸுக்கு மாமியார் அவளை மூட்டை முடிச்சோடுதான் கூட்டி வந்திருந்தாள்.

“டெஸ்ட்டு பண்ணாங்களா?”

“பண்ணாங்க.”

“இன்னா சொன்னாங்க?”

வலையோரம் எல்லாப் பேச்சும் சட்டென்று நின்றது. வியாகுலம் திரும்பி அம்மாசியைப் பார்த்தான். அவனும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றான். ஜெனிபர் தலை நிமிரவில்லை. அவளைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துபோயிருந்தது.

“வாயத் தொறடா! பஸ்ஸுக்கு நேரமாவுது.”

வியாகுலம் வலையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“அவள வூட்டுக்குக் கூட்டிக்கினு போம்மா. எங்கிட்டர்ந்துதான் அவளுக்கு வந்துச்சி.”