சத்தமில்லாமல் தைத்த போர்வை

"டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தத் தையல் மெஷினக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

வாசலில் கீழ் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கண்கள் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருக்கா. மத்தியானம் கொஞ்சம் கண்ணசரலாம்னு பார்த்தா, மேல தடதடன்னு ஒரே சத்தம். பாவம், அவளால தூங்கவே முடியல."

டீச்சருக்கு முகம் தொங்கிப்போனது. முப்பத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவருக்கு இப்போது ஒரே பைத்தியம், ஒட்டுத்துணிப் போர்வை. பழைய துணியை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, கோணம் ஒரு நூல் பிசகாமல் இணைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைப்பார். 'கந்தல் கலெக்டர்' என்பது கணவர் வைத்த பட்டம். கணவர் ஓய்வு பெற்ற தபால்காரர்.

"ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சே! இனிமே சத்தமே வராதுங்க" என்றவர், அப்போதே மெஷினை மூலைக்குத் தள்ளி மூடிவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. மறுநாள் கீழே இறங்கிப் போனார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நானே ஒரு போர்வை தெச்சுத் தரேன். அவங்க பழைய துணி ஏதாவது இருந்தாக் குடுங்க. உள்ள வந்து அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுக்கறேனே?"

"தூங்கறா" என்று கதவைப் பாதி மறைத்தபடி சொன்னவர், உள்ளே போய் ஒரு வெளுத்த நீலக் கோட்டை எடுத்துவந்து நீட்டினார். "வேலைக்குப் போனப்ப போட்டுக்கிட்டது."

கழுத்துப் பட்டை நைந்திருந்தது. பையைத் துழாவினால் நூல் பிசிறுதான் வந்தது. அந்தக் கோட்டை வெட்டிப் போர்வையின் நடுவில் பெரிய நட்சத்திரமாக வைப்பது என்று டீச்சர் முடிவு செய்தார்.

"மெஷின்ல இது இருபது நாள் வேலை. கையால தெச்சா அஞ்சு மாசம் இழுக்கும்" என்றார் தபால்காரர். "அதுவரைக்கும் அந்தம்மா..." என்று இழுத்தவர், பேச்சை மாற்றினார். "மெஷின் காலுக்கடியில ரெண்டு மிதியடியப் போட்டு மெதுவா ஓட்டேன்."

"மாட்டேன். ஒரு நோயாளியோட தூக்கத்தக் கெடுத்திருக்கேன். கையாலயே தெச்சாத்தான் என் மனசு ஆறும்."

மூன்றாம் நாள் மத்தியானம், கீழிருந்து ஏறிவரும் தண்ணீர்க் குழாயில் ஒரு சத்தம். டங்... டங்... டங்... யாரோ கரண்டியால் தட்டுகிறார்கள்.

"அந்தம்மாதான். இன்னும் ஏதோ சத்தம் கேக்குது போலிருக்கு" என்று கிசுகிசுத்தார் டீச்சர்.

"என்ன சத்தம்? நான் மூச்சு விடறதா?"

டீச்சர் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணியில் உறை தைத்து மாட்டினார். கத்தரிக்கோலை மேசைமேல் வைக்காமல் தலையணைமேல் வைத்தார். தபால்காரர் வெறுங்காலோடு பூனை நடை நடந்தார். தும்மல் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடினார். ரேடியோ வாயே திறக்கவில்லை. அப்படியும் மத்தியானமானால் டங் டங்.

கீழே போய்க் கேட்கலாம் என்றால், எந்த முகத்தோடு போவது? டீச்சர் கூனிக்குறுகிப் போனார். "இன்னும் எதுலதான் சத்தம் வருது? எனக்குப் புரியலையே!"

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் குழாய்ச் சத்தம் நின்றது. மறுநாளும் வரவில்லை.

"அப்பாடா! தூங்கிட்டாங்க" என்றார் டீச்சர். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

மாதங்கள் ஓடின. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. மூன்று ஓரங்களை மடித்துத் தைத்தாகிவிட்டது. நாலாவது ஓரம் பாதியில் இருந்த ஒரு காலையில், கீழே ஆட்கள் வந்து போகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்துவிட்டு வந்த தபால்காரர், "வாசல்ல பந்தல் போடறாங்க" என்றார்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஊசி அப்படியே கையில் நின்றது.

"மெஷின்ல இருபது நாள் வேலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, முடித்த போர்வையோடு கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"லேட்டாக்கிட்டேன், மன்னிச்சிடுங்க. ஒருநாளாவது அவங்க போர்த்திக்கிட்டிருக்கலாம். ஆனா அன்னைக்கப்புறம் ஒரு சின்னச் சத்தம்கூட வராமப் பார்த்துக்கிட்டேன். கடைசியிலயாவது நிம்மதியாத் தூங்கினாங்கல்ல?"

அவர் போர்வையைப் பிரித்தார். நீல நட்சத்திரத்தைத் தடவினார்.

"இந்தக் கோட்டு தையல் கம்பெனியில குடுத்தது, டீச்சரம்மா. முப்பது வருஷம் மெஷின் முன்னாடியே உக்காந்திருந்தவ. உங்க மெஷின் ஓடினாத்தான் அவளுக்குக் கண்ணே அசரும்." போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நைட் வாட்ச்மேன் வேலை எனக்கு. பகல்ல தூக்கம் கெட்டது எனக்குத்தான். எனக்காகன்னு சொன்னா நிறுத்துவீங்களோ மாட்டீங்களோன்னு, அவ பேரைச் சொல்லிட்டேன்."

டீச்சர் கேட்டார்: "அப்போ... அந்தக் கரண்டிச் சத்தம்?"

"மறுபடி ஓட்டுங்கன்னு சொல்லித்தான் தினமும் தட்டினா. நான்தான் கரண்டியப் பிடுங்கி வெச்சிட்டேன்."