கட்டாய விடுப்பு

"பார்த்தீங்களா அண்ணே? மழை வரும்னு தெரிஞ்சதும் குடையை விரிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க உங்க மேடம்!"

கணக்குப் பிரிவுக்காரர் சொன்னதற்குத் துணை மேலாளர் சிரிக்கவில்லை.

பொதுமக்கள் பணத்தைக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் நிறுவனம் அது. பொறுப்பில் உள்ளவர் ஆண்டுக்கொரு முறை இரண்டு வாரம் கட்டாய விடுப்பில் செல்ல வேண்டும். அலுவலகத்தோடு தொலைபேசியில்கூடப் பேசக் கூடாது. மேலாளர் அம்மையார் அதற்கென்று தேர்ந்தெடுத்தது, வட்டி விகித அறிவிப்பு வரும் வாரத்தை!

துணை மேலாளர் அவரைவிட வயதில் மூத்தவர். எழுத்தராகச் சேர்ந்து, ஆய்வாளராகி, துணை மேலாளர் நாற்காலியிலேயே தலை நரைத்தவர். பதவி உயர்வு கைநழுவிய ஒவ்வொரு முறையும் தேர்வுக்குழு சொன்ன காரணம் ஒன்றே: "தனியா ஒரு முடிவும் எடுத்ததில்லையே!" அலுவலகத்தில் அவருக்கு 'இரண்டாம் கையெழுத்து' என்றே பெயர்.

"தப்பாப் போனா உங்க தலையிலதான் விடியும். பேசாம கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க, அண்ணே."

வட்டி இறங்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். இறங்கினால் பழைய பத்திரங்களின் விலை ஏறும்; ஏறினால் சரியும், நீண்ட காலப் பத்திரங்களுக்கே அடி அதிகம். ஆகவே, சந்தையே வாங்கிக் குவித்தது.

அவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. விலைவாசி அடங்காதபோது வட்டி எப்படி இறங்கும்?

பழக்கதோஷத்தில் மேலாளரின் அறைக் கதவைத் தட்டினார். உள்ளே ஆள் இல்லை என்பது அதன் பிறகே உறைத்தது.

திரும்பி வந்து பத்திரத் தரகரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நீண்ட காலப் பத்திரம் எல்லாத்தையும் வித்துடுங்க."

அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் வட்டி ஏறியது. சந்தை சரிந்தது. மற்ற நிறுவனங்கள் தவித்தன. இவர்களை நம்பிப் பணம் போட்டவர்களுக்குக் காசு குறையவில்லை.

மாலையில் நிறுவனத் தலைவர் தம் அறைக்கு அழைத்தார்.

"புதுசா ஒரு நிதி தொடங்குறோம். நீங்கதான் மேலாளர். குழுவுல ஒருத்தர்கூட மறுபேச்சுப் பேசல."

துணை மேலாளருக்குக் கண் கலங்கியது. ஆனாலும், இத்தனை நாள் மென்று விழுங்கியது வாய்விட்டு வந்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க சார். இப்படியொரு வாரத்துல அவங்க பாட்டுக்கு லீவுல போனது நல்லால்ல. கணக்குத் தப்பியிருந்தா என் கதி?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நஷ்டம் வந்தா என் பொறுப்பு, நான் வேலையை விட்டுடறேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

துணை மேலாளர் தம்மையறியாமல் எழுந்து நின்றார்.

"அப்புறம் ஏன் சார் போகணும்?"

"அவங்க லீவு அடுத்த மாசம்தான். கெஞ்சிக் கேட்டு இந்த வாரத்துக்கு மாத்திக்கிட்டாங்க. 'இத்தனை வருஷமும் அவர் சொன்னதைத்தான் செஞ்சேன். குழுகிட்ட எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க. நான் அந்த அறையில இருக்கிற வரைக்கும் அவர் எடுக்கிற முடிவும் என் பேர்லதான் போகும் சார்'னாங்க."