கடைசி பெஞ்சில் ஒரு கிண்ணம்

ஆராதனை முடிந்து ஆலயம் காலியாகிவிட்டது. வண்ணக் கண்ணாடி வழியே விழும் வெயில் பெஞ்சுகளின் மேல் சிவப்பும் நீலமுமாகப் படுத்திருக்கிறது. அக்கா தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வருகிறாள். திருவிருந்தில் திராட்சரசம் குடித்தவர்கள், முன்பெஞ்சின் முதுகிலுள்ள துளைகளில் வைத்துவிட்டுப் போன கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்களைச் சேகரித்துக் கழுவுவது அவள் ஊழியம். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, யாரும் கவனித்ததுமில்லை. அவளுக்கும் அதில் குறையில்லை. ஒவ்வொரு கிண்ணமும் தட்டில் கிணிங்கென்று உட்காரும்போது அவளுக்குள் ஒரு பாட்டு ஓடுகிறது. "கிண்ணத்தையெல்லாம் குளிப்பாட்டித் தூங்கவச்சிட்டுத்தான் வருவியா? பசி உயிரு போகுது!" வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து தம்பி கத்துகிறான். "ஒரு வேளை பசிக்கு உயிர் போயிடாது, இருடா!"

மனைவியைப் புதைத்த நாளிலிருந்து அவன் கடவுளோடு பேசுவதில்லை. அக்காவைக் கொண்டுவந்து விடுவதற்காக வருகிறவன், கடைசி பெஞ்சில் தனியாகக் கைகட்டி உட்கார்ந்திருப்பான். திருவிருந்துத் தட்டு வந்தால் தலையசைத்து அனுப்பிவிடுவான். அவனுக்கு எதிரேயுள்ள துளை எப்போதும் காலி. ஆனாலும் அதுவரை போய்ப் பார்க்காமல் அவள் திரும்பியதில்லை. இன்று அந்தத் துளையில் ஒரு கிண்ணம் நிற்கிறது. அடியில் ஒரு சொட்டுச் சிவப்பு வெயிலில் மினுங்குகிறது. அவள் மெல்ல அந்தப் பெஞ்சில் உட்காருகிறாள். கண் நிறைகிறது, உதடு சிரிக்கிறது. "இன்னும் என்னதான் பண்றே?" "கடைசி பெஞ்சுல ஒரு கிண்ணம் இருக்குடா. எடுத்துட்டு வர்றேன்." வாசலில் ஹாரன் மட்டும், மெதுவாக, ஒரு தடவை ஒலிக்கிறது.