எனிஃபா பிரிக்காத கடிதங்கள்

எனிஃபா கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. குனிந்து, வாசலில் கிடந்த கோழி எச்சத்தை அதால் வழித்தெடுத்து அடுப்பில் போட்டாள்.

லாமெக்குக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எச்சத்தைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. ஜில்லா ஆபீஸிலிருந்து இந்த மலையூருக்குப் பதினாறு மைல். அவ்வளவு தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் கொண்டுவந்தது, பர்மாச் சண்டையிலிருந்து ஒரு சிப்பாய் தன் பெண்டாட்டிக்கு எழுதியது.

தபால் சேவகனாக அவன் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். அதற்குள் இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் இதே அடுப்பில்தான் எரிந்தன.

"மத்த வீட்டுப் பொம்பளைங்க கடுதாசியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுவுறாங்க. நீயெல்லாம் என்ன ஜென்மம்?"

எனிஃபா உலக்கையை எடுத்தாள். உரலில் சோளம் நொறுங்கியது. அவள் மாமியார் மூங்கில் பாயில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். கடிதம் எரிவதைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை.

லாமெக்கின் தம்பியும் அதே பர்மாவில்தான் இருந்தான். ஏழு மாதமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. லாமெக் வீடு திரும்பினால், தாய் அவனுடைய காலிப் பையைத்தான் முதலில் தடவிப் பார்ப்பாள்.

ஐந்தாவது கடிதத்தை அவன் எனிஃபாவின் கையில் கொடுக்கவில்லை. வாசலிலேயே நின்று உறையைக் கிழித்தான். ஊரார் கடிதத்தைப் பிரிப்பது குற்றம் என்பது அவனுக்குத் தெரியும். இவளுக்கு உறைக்கட்டும் என்று உரக்கவே படித்தான்.

"என் அருமை மனைவி எனிஃபாவுக்கு, உன் கணவன் கொண்ட்வானி எழுதுவது. இங்கே ஓயாத மழை. அட்டை கடித்த கால் புண்ணாகி நாறுகிறது. உன் முகத்தை நினைத்துத்தான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீ தனியாகத்தான் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். ஊர்த் தலைவருக்கு என் வணக்கம் சொல். சண்டை முடிந்ததும் நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன்."

சோளம் குத்திக்கொண்டிருந்த உலக்கை நின்றது. எனிஃபா வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். கிழவி பாயைத் தாண்டிக் காறித் துப்பினாள்.

லாமெக் கிழவி பக்கம் திரும்பினான்.

"பெத்தவ நீங்களே இப்பிடித் துப்புறீங்களே. ஒரு வரி பதில் போடச் சொன்னா என்ன கொறைஞ்சு போயிடும்? நாளைக்கே குண்டடிபட்டு உங்க மகன் செத்துப்போனா?"

"என் மகன் செத்து ரெண்டு வருஷம் ஆவுது, தம்பி."

லாமெக் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தான். ஆறு வாரத்துக்கு முந்தைய தேதி.

"அப்ப இத எழுதுறது யாரு?"

எனிஃபா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "ஊர்த் தலைவரோட மகன். ரொம்ப நாளா என்மேல கண்ணு அவனுக்கு. என் புருஷனோட வரிச்சீட்டக் காட்டி, அவரோட பேருலயே பட்டாளத்துல சேந்துட்டான். தலைவர்கிட்டப் போய் அழுதோம். 'கொண்ட்வானிதான் பட்டாளத்துல இருக்கானே, அவன் எப்பிடிச் செத்திருப்பான்'னு சிரிச்சாரு."

கையிலிருந்த காகிதத்தில் பிசுபிசுவென்று என்னவோ ஒட்டியிருப்பது போல இருந்தது லாமெக்குக்கு. அதைக் கீழே போட்டுவிட்டு விரல்களைச் சட்டையில் துடைத்தான்.

"ஆளுக்கு அடையாளமே வரிச்சீட்டுதான், அதை யாரும் கையை விட்டு விடமாட்டாங்களே. அது எப்பிடி அவன் கைக்குப் போச்சு?"

கிழவி பயறிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொன்னுட்டு, மடியிலேருந்து எடுத்தான்."