போட்டோவுக்காக விட்டுவைத்த பூ

குரும்பலூர் பக்கம் மலர்கொடியின் விதைப்பருத்திக் காட்டில், காலை வெயிலில், கம்பெனி மேலாளர் காசிநாதன் ஒரு பருத்திப்பூவைப் பிடித்தபடி கேமராவுக்குச் சிரிக்கிறார். தாய்ச்செடியின் மகரந்தப் பைகளை முந்தின மாலையே, மொட்டாக இருக்கும்போது கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவிக் கலப்பின விதை எடுக்கலாம். ஆனால் மொட்டு போட்டோவில் எடுப்பாகத் தெரியாதாம். சாருக்காக ஒரு செடியைக் கிள்ளாமல் விட்டுவைக்கச் சொல்லி நேற்றே உத்தரவு. பல நாளாக மொட்டுக்குள் அந்தப் பைகளின் உட்சுவர் தன்னையே கரைத்து மகரந்தத்தை ஊட்டி வளர்த்திருக்கிறது. இப்போது வெளிச்சுவரும் காய்ந்து வெடிக்க, சாரின் விரல் முழுக்க மஞ்சள் தூள். தோளில் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, அதே விரலால் பக்கத்துச் செடிகளில் கிள்ளி முடித்த பூக்களை ஒவ்வொன்றாகத் தடவி ஆசீர்வதிக்கிறார்.

மலர்கொடி குறுக்கே வருகிறாள். “சார், கைய எடுங்க! தாய்ச்செடித் தூளு அதுமேலயே ஒட்டுனா வெத கெட்டுப்போயிரும்ல?”

“எனக்கேவா பாடம்? சும்மா நில்லுங்கம்மா. வெத கெட்டுச்சுன்னா கம்பெனி ஒரு மூட்டகூட எடுக்காது, ஞாபகம் வச்சுக்குங்க.”

“கெடுக்குற ஆளும் நீங்க, தள்ளுபடி பண்ற ஆளும் நீங்கதான?”

கேமராக்காரர் “இன்னொண்ணு சார்” என்கிறார். காசிநாதன் அடுத்த பூவுக்குக் கையை நீட்டுகிறார். மலர்கொடி அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள். அவர் தொட்ட பூக்களையெல்லாம் நறுக் நறுக்கென்று கிள்ளி, அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் திணிக்கிறாள்.

“இந்தாங்க, நானே தள்ளுபடி பண்ணிட்டேன். கெளம்புங்க.”